பாகக்கொடியில் காய்த்த வண்டி

ஏங்கண்ணு, ஹெல்மெட்டை மடியில வெச்சுக்கிட்டுப் பஸ்ஸுல வர்றியே, வண்டி எங்கே? சர்வீசுக்கு உட்டிருக்கியா? அதான பாத்தேன். சித்த நகந்து உக்காரு சாமி, இந்தக் கட்டைப்பையைக் கால்கிட்ட வெச்சுக்கறேன். பொள்ளாச்சிக்கா? நான் கிணத்துக்கடவுல எறங்கிருவேன்.

எனக்கு வண்டின்னாலே ஆகாது. முன்னாடியே சொல்லிப்போட்டேன். பால் சொசைட்டிக்குப் போக ஒரு டிவிஎஸ் வெச்சிருக்கேன், அவ்வளவுதான். மத்தபடி ஒண்ணுந் தெரியாது, தெரிஞ்சுக்க ஆசைப்பட்டதும் இல்லை. ஆனா இந்த வருசம் எங்க ஊட்டுல நடந்த கூத்தைக் கேட்டீன்னா நீ பொள்ளாச்சிக்குப் போகாம எங்கூடவே எறங்கிருவே.

எங்கூட்டுக்காரர் பேரு தெய்வசிகாமணி. தென்னந்தோப்பு இருக்குது, மோட்டார் ரிப்பேரும் பாப்பார். சின்ன வயசுல ரேஸ் ஓட்டுனவர். கார் ரேஸ் இல்லை கண்ணு, மண்ணு ரேஸ். மேடு, பள்ளம், சேறுன்னு பாக்காம வண்டியைப் பறக்க உட்டு, உழுந்து, எந்திரிச்சு, மறுபடியும் பறக்க உடறது. மோட்டோகிராஸுன்னு பேராம். கடையில விக்கற வண்டி அதுக்குத் தாங்காது. அதனால இவுங்களே ஒரு வண்டியோட இஞ்சினு, இன்னொண்ணோட முன்சக்கரத்தைப் புடிக்கற ஃபோர்க்கு, மூணாவது ஒண்ணோட டேங்குன்னு ஒட்டுப்போட்டுக் கட்டிக்குவாங்க. நம்ம ஒட்டுமாங்கன்னு வெய்யி.

அவருக்கு ஒரு கூட்டாளி. எட்வின்னு பேரு, போத்தனூர்க்காரர். ரெண்டு பேரும் ஒண்ணாக் கட்டி, ஒண்ணா ஓட்டி, ஒண்ணா உழுந்தவங்க. எங்களுக்கு நிச்சயம் ஆனதுக்கப்பறம் ஒரு ரேஸு. 'இதுதான் கடைசி'ன்னு எங்கப்பன்கிட்டச் சத்தியம் பண்ணிட்டுப் போனார். அந்தக் கடைசி ரேஸுல உழுந்து தொடை எலும்பு முறிஞ்சுபோச்சு. எட்வின் அண்ணன் பக்கத்துலயே வந்தாராம், திரும்பிக்கூடப் பாக்கலையாம், நேராப் போயி கப்பு வாங்கிட்டாராம். எங்க மாமனார் எட்வின் அண்ணன் ஊட்டுக்குப் போயி இஞ்சினை மட்டும் கழட்டி மாட்டுவண்டியில ஏத்திட்டு வந்தார். வண்டியோட ஃப்ரேமு, அதான் சட்டம், அங்கயே கெடந்துச்சு. அதோட ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

என்ற கல்யாண போட்டோவைப் பாத்தீன்னா சிரிச்சுப்போடுவே. மாப்பிள்ளை ஸ்டூல்ல உக்காந்திருக்கார், ஒரு கால் மாவுக்கட்டோட நேரா நீட்டிக்கிட்டு நிக்குது, மேல வேட்டியைப் போத்தி உட்டிருக்காங்க. மணவறையைச் சுத்தி வந்தது நானும் எங்க அண்ணன் தோளைப் புடிச்சு நொண்டுன இவருந்தான். வண்டின்னா எனக்கு ஏன் ஆகாதுன்னு இப்பப் புரியுதா?

அதெல்லாம் பழைய கதை. போன ஐப்பசியில இவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சாங்க. நல்லாத்தான் ஆச்சு. ஆனா ஊட்டுக்கு வந்த மனுசன் கட்டில்ல படுத்து ஃபேனைப் பாக்க ஆரம்பிச்சவர்தான். 'சாப்புடுங்க'ன்னா சாப்புடுவார். 'போதுமா'ன்னா 'போதும்'பார். சண்டைகூடப் போட மாட்டேங்கறார் கண்ணு! கட்டிக்கிட்ட நாள்லேருந்து கொழம்புல உப்புப் பத்தலைன்னு சொன்ன மனுசன். டாக்டர் கொறைச்சுக்கச் சொன்னார், நான் போடவே இல்லை, வேணும்னே. பேசாமச் சாப்புட்டுட்டுக் கை கழுவிட்டுப் போயிப் படுத்துக்கிட்டார். அன்னிக்கு ராத்திரி பூரா அவர் மூச்சு உடறதைக் கேட்டுக்கிட்டே முழிச்சுக் கெடந்தேன்.

மக கனடாவுலேருந்து ஃபோன் பண்ணி, 'அப்பாவை யோகா கிளாசுக்கு அனுப்பும்மா'ங்கறா. எந்திரிச்சு வாசலுக்கே வர மாட்டேங்கற மனுசனை எங்கே அனுப்பறது?

ஒரு நா, பழைய இரும்புக்காரன் 'இரும்பு, பித்தளை'ன்னு கத்திக்கிட்டு வந்தான். கட்டிலுக்கு அடியில அந்த இஞ்சினு கெடந்துச்சு. யெஸ்டி இஞ்சினு. என்ற சுங்குடிச் சேலை ஒண்ணைக் கிழிச்சுச் சுத்தி வெச்சிருந்தார், நல்ல சேலை. எடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடக்குதேன்னு, வேற ஒண்ணுமில்லை, எடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடக்குதேன்னு கட்டிலுக்கு அடியில குனிஞ்சு புடிச்சு இழுத்தேன்.

'ஏம்புள்ள, என்ன பண்றே?'

'இரும்புக்காரனுக்குப் போடறேன்.'

எந்திரிச்சு உக்காந்தார். 'அதுல கை வெக்காதே.'

'இது எதுக்குங்க ஆகும்? துருப் புடிச்சுப் போச்சு.'

'துருவா? என்ற இஞ்சினுக்காடி துரு?' அப்படின்னு கீழ எறங்கி, சேலையை அவுத்து, கிக்கரைக் கையாலயே அழுத்திப் பாத்தார். உள்ள பிஸ்டன் 'புஸ்'ஸுன்னு மூச்சு உட்டுச்சு. நல்ல கம்ப்ரஷன் கண்ணு, அத்தனை வருசம் கெடந்ததுக்கு. எனக்கென்ன தெரியும், அவர் மூஞ்சியைப் பாத்துச் சொல்றேன்.

அன்னிக்கு மத்தியானம், 'கொழம்புல உப்பே இல்லையே'ன்னு கத்துனார். நான் அடுப்படிக்குப் போயி முந்தானையில மூஞ்சியத் தொடச்சுக்கிட்டேன். வெங்காயம் அரிஞ்சுட்டிருந்தேன்.

அப்பறம் என்ன, சாமானுக்கு அலையறதுக்கு நாந்தான். அவர் ரொம்ப தூரம் போகக்கூடாது. டிவிஎஸ்ஸை எடுத்துட்டு உக்கடம் பழைய இரும்புக் கடைகளுக்குப் போவேன். ஃபோர்க்கு ஒரு பழைய யமஹாவுலேருந்து, டேங்கு ராஜ்தூத்து. கடைக்காரன் ஒரு ஜோடி ஷாக்கப்சரைக் காட்டி, 'இதை எடுத்துட்டுப் போங்க்கா, நல்லா இருக்குது'ங்கறான். எண்ணெய் கசிஞ்சு மண்ணு ஒட்டியிருக்குது, என்னைய ஏமாத்தப் பாக்கறான்! 'ஏந்தம்பி, இதைப் போட்டுக் குதிச்சா முதுகெலும்பு முறியும், உள்ள இருக்கறதை எடு'ன்னேன். அதுக்கெல்லாம் வண்டி தெரியணும்னு இல்லை கண்ணு. கத்திரிக்கா வாங்கற மாதிரித்தான்.

பின்சக்கரத்துல மாட்டறதுக்குச் சின்னப் பல்சக்கரம் போதும்னார் இவர். 'பெருசாப் போட்டாத்தானுங்க மேடேறும்'னு சொன்னேன். முறைச்சார். அப்பறம் பெருசுதான் போட்டார்.

எல்லாஞ் சேந்துச்சு. சட்டம் மட்டும் இல்லை. எந்தச் சட்டத்தைக் கொண்டாந்து காட்டுனாலும், 'உசரம் பத்தாது', 'கழுத்து சரியில்லை'ன்னு தள்ளிப்போட்டார். அவர் மனசுல எது இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? 'எட்வின் அண்ணன்கிட்டக் கேட்டா...'ன்னு வாயெடுத்தேன். 'அவன் மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன்'னு ஸ்பானரை வீசிட்டு எந்திரிச்சுப் போயிட்டார். நீங்க எதுக்கு முழிக்கணும், நான் முழிச்சுக்கறேன்னு மறுநாளே போத்தனூருக்குக் கெளம்பிட்டேன்.

ஈச்சனாரி வந்துருச்சா? காத்து அடிக்குது பாரு, ஜன்னலைச் சித்த எறக்கி உடு.

எட்வின் அண்ணன் ஊட்டு வாசல்ல நின்னேன். தலையெல்லாம் நரைச்சுப்போச்சு, ஆனா ஆளு ஈர்க்குச்சி மாதிரி அப்படியேதான் இருக்கார். என்னையப் பாத்ததும், 'சிஸ்டர், சிகா நல்லா இருக்கான்ல?'ன்னு கேட்டார். வாங்கன்னுகூடச் சொல்லலை, மொதக் கேள்வியே அதுதான். நல்லா இருக்கார்னேன். அப்பறந்தான் மூச்சே உட்டார்.

ஊட்டுக்குப் பின்னாடி பொடக்காணிக்குக் கூட்டிட்டுப் போனார். அங்க நம்ம சட்டம் நட்டுக்குத்தலா நிக்குது, அது மேல முழுக்கப் பாகக்கொடி! இலைக்கு நடுவுல காயாத் தொங்குது.

'இதுதானா?'

'இதுதான். இரும்பா இருந்தா யாராவது கேப்பாங்க, பந்தலா இருந்தா யாரு கேக்கப் போறாங்க? அதான் கொடியை ஏத்தி உட்டேன்.'

'எனக்கு வேணும்ணா. வண்டி கட்டறார்.'

அவர் ஒரு பாகக்காயைப் பறிச்சுக் கையில வெச்சு உருட்டிக்கிட்டே இருந்தார். அப்பறம், 'சித்திரைக் கடைசியில பல்லடம் ரோட்டுல ஒரு காட்டுல ரேஸு இருக்கு சிஸ்டர். பழைய வண்டிகளுக்குன்னே தனியா ஒரு போட்டி. சட்டம் தர்றேன். ஆனா ஓட்டறது நான்தான்'னார்.

யோசிக்கவே இல்லை, சரின்னுட்டேன். இவரை ஓட்ட உடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஓட்டாத வண்டியைக் கட்டி என்ன பிரயோசனம்? ஊட்டுல போயிச் சொல்லலை, அவ்வளவுதான். ஒரு சரக்கு ஆட்டோவுல ஏத்திக் கொண்டாந்து, 'உக்கடத்துல கெடைச்சுது'ன்னு எறக்குனேன்.

இவர் கிட்ட வந்தார். சட்டத்தோட கழுத்துல இருந்த வெல்டிங்கை வெரலாலத் தடவிப் பாத்தார். அது இவரே வெச்ச வெல்டிங்காம், எனக்கெப்படித் தெரியும்? மூலையில சுத்திக்கிட்டிருந்த காஞ்ச கொடியைப் பிச்சு எடுத்து மோந்து பாத்தார்.

'உக்கடத்துல பாகக்கா வெளையுதா?'

நான் ஆட்டோக்காரனுக்குக் காசு எண்ணிக் குடுத்தேன்.

கொடியைக் கீழ போட்டுட்டு, 'எப்படி இருக்கான்?'னார்.

'நரைச்சுப்போச்சு. மொதல்ல உங்களைத்தான் கேட்டார்.'

'கேப்பான், கேப்பான்'னுட்டு உப்புக் காகிதத்தை எடுத்துத் துருவைத் தேய்க்க ஆரம்பிச்சார். அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் தேச்சார்.

அடுத்த ஞாயித்துக்கெழமை எட்வின் அண்ணன் வந்து நின்னார். சட்டம் ஒழுங்கா ஏறுச்சான்னு பாக்க வந்தேங்கறார். இவர் போங்கன்னும் சொல்லலை, வாங்கன்னும் சொல்லலை. அன்னிலேருந்து என்ற பாடு திண்டாட்டம். ரெண்டு பேரும் வண்டிக்கு அக்கட்டால ஒருத்தர், இக்கட்டால ஒருத்தர், நடுவுல நானு.

'வசந்தா, அந்தப் போல்ட்டை அவ்வளவு முறுக்க வேண்டாம்னு சொல்லு.'

'சிஸ்டர், முறுக்கலைன்னா ரேஸுல கழண்டு போகும்னு சொல்லுங்க.'

'கழண்டாக் கழண்டுட்டுப் போகுது, திரும்பிப் பாக்காமப் போறவனுக்கு என்னன்னு சொல்லு.'

'புழுதியில ஒண்ணுமே தெரியலைன்னு அன்னிக்கே ஊட்டுக்கு வந்து சொன்னேன், இவங்க அப்பா நாயை அவுத்து உட்டார்னு சொல்லுங்க.'

நான் எதைன்னு சொல்றது? அடுப்புல பாலை வெச்சுட்டு வந்து இவுங்களுக்குத் தூது போயிட்டிருந்தேன். பால் பொங்கிப் போனதுதான் மிச்சம். நான் யாரு பக்கமும் பேசறதில்லை. ஆனா நாயை அவுத்து உட்டது உண்மை. எங்க மாமனாரே என்கிட்டப் பெருமையாச் சொல்லியிருக்கார்.

சீட்டு நான் தெச்சேன். நம்ம பழைய டிராக்டர் சீட்டு ஸ்பாஞ்சை வெட்டி, ரெக்ஸின் மேல ரெட்டைத் தையல். அவுங்க கறுப்புன்னாங்க. கறுப்பு வெய்யில்ல சுடும், உக்கார முடியுமா? செவப்புத்தான்னு சொல்லிட்டேன். டேங்குக்கும் அதே செவப்பு. நான் ஒண்ணும் பிரியப்பட்டுப் பண்ணலை, வேலைன்னா ஒழுங்கா இருக்கோணுமில்ல?

பங்குனியில மொத தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாத்தாங்க. இவருக்கு அந்த முறிஞ்ச தொடையில தகடு வெச்சிருக்குது, அதனால எட்வின் அண்ணன் உதைக்கறார். உதைக்கறார், உதைக்கறார், பெட்ரோல் வாடைதான் வருது, சத்தம் வரலை. ஆள் வேர்த்துக் குளிச்சுட்டார். மறுபடியும் சோக்கை இழுத்தார் பாரு, இவர் என்னைய மறந்துட்டார். நேரா, 'டேய், சோக் போடாதடா, இஞ்சினு மூழ்கிருச்சு!'ன்னு கத்துனார்.

'எனக்குத் தெரியும் போடா!'

'என்னடா தெரியும் உனக்கு, ப்ளக்கைக் கழட்டுடா!'

எத்தனை வருசத்துப் பேச்சு! ப்ளக்கைக் கழட்டித் தொடச்சு மாட்டி உதைச்சதும் அது புடிச்சுது பாரு... படபடபடன்னு தோப்பே அதிருது, தென்னை மரத்துல இருந்த காக்கா பூராவும் கெளம்பிருச்சு. புகையில ரெண்டு பேரையுங் காணோம். ஒருத்தரை ஒருத்தர் திட்டறது மட்டும் கேக்குது. நான் மாட்டைப் புடிக்க ஓடுனேன், கயித்தை அத்துக்கிட்டு ஓடுது அது.

அதோட நல்லபடியா முடிஞ்சுதுன்னு நெனச்சேன். எங்கே? இவர் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில மாட்டறார்! 'ஏனுங்க, நீங்க எங்கே?'ன்னேன். 'நான்தானே ஓட்டறேன்'னார். எட்வின் அண்ணன் என்னையப் பாக்கறார். சொல்லித்தான ஆகோணும், சட்டத்துக்காக நான் ஒத்துக்கிட்டதைச் சொல்லிட்டேன்.

கேட்டதும் ஹெல்மெட்டைக் கழட்டித் திட்டு மேல வெச்சுட்டு உள்ள போயி, கட்டில்ல படுத்து, ஃபேனைப் பாக்க ஆரம்பிச்சுட்டார். போச்சு, எல்லாமே போச்சுன்னு நெனச்சேன். எட்வின் அண்ணன் வாசல்லயே நின்னு, 'வேண்டாம் சிஸ்டர், நான் போயிடறேன், வண்டி அவன்கிட்டயே இருக்கட்டும்'னார். 'நீங்க இருங்க'ன்னுட்டு உள்ள போனேன்.

இவர்கிட்ட என்ன சொன்னேன்னு கேளு. 'உங்க கூட்டாளி ஓட்டுனா என்ன, ஓட்டாட்டி என்ன, எனக்கொண்ணும் இல்லை. ஆனா நான் ரெட்டைத் தையல் போட்டுத் தெச்ச சீட்டு தோப்புல கெடந்து காக்கா எச்சம் உழுகறதுக்கா? நீங்க கட்டுன வண்டி எப்படிப் போகுதுன்னு உங்களுக்குப் பாக்க வேண்டாமா? மேல உக்காந்திருக்கறவனுக்கு வண்டி தெரியாதுங்க, கரையில நிக்கறவனுக்குத்தான் தெரியும்.'

ஃபேனைப் பாத்துக்கிட்டே, 'வளைவுல அவன் எப்பவும் லேட்டாத்தான் கியரைக் கொறைப்பான்'னார்.

'அதைப் போயி அவர்கிட்டச் சொல்லுங்க'ன்னேன். எந்திரிச்சுப் போனார்.

ரேஸுக்கு மூணு பேரும் போனோம். நான் எதுக்குப் போனேன்? இவர் மாத்திரை போடோணுமில்ல, அதான். நம்ம வண்டியைச் சுத்தி ஒரே கூட்டம். பசங்க வந்து ஃபோனுல படம் புடிக்கறாங்க. ஒருத்தன், 'இது எந்தக் கம்பெனி வண்டிங்க்கா?'ன்னான். 'எங்க கம்பெனி'ன்னேன்.

கொடி எறங்குச்சு, வண்டியெல்லாம் கெளம்புச்சு. எட்வின் அண்ணன் கடைசிக்கு முன்னாடி. இவர் வேலியைப் புடிச்சுக்கிட்டு, 'கொறைடா, இப்பக் கொறைடா'ங்கறார். அவருக்கு எங்கே கேக்கப் போகுது? ஆனா கொறைச்சார் கண்ணு, சரியான நேரத்துக்கு. ஒருத்தரைத் தாண்டுனார், அப்பறம் இன்னொருத்தரை. மேட்டுல ஏறி, ரெண்டு சக்கரமும் மேல, செவப்பு டேங்கு வெய்யில்ல மின்னுது. நான் கண்ணைக் கசக்கிக்கிட்டேன். புழுதிதான்.

கடைசி ரவுண்டுல, நாங்க நிக்கற எடத்துக்கு நேராவே சறுக்கி உழுந்துட்டார். வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். இவர் வேலியைத் தாண்டிக் குதிச்சுட்டார்! தகடு வெச்ச காலோட, ஸ்டென்ட் வெச்ச நெஞ்சோட ஓடறார். நானும் பின்னாடியே ஓடறேன். ஓடுன மனுசன் எங்கே போனார்னு நெனைக்கறே? நேரா வண்டிக்கு. தூக்கி நிறுத்தி, பெட்ரோலை மூடி, ஃபோர்க்கு வளைஞ்சுதான்னு குனிஞ்சு பாக்கறார்.

பின்னாடி மண்ணுல கெடந்துக்கிட்டு எட்வின் அண்ணன் சிரிக்கறார். சிரிப்புன்னா உங்கூட்டுச் சிரிப்பு, எங்கூட்டுச் சிரிப்பு இல்லை. 'டேய் சிகா, நான் இங்க இருக்கேன்டா! திரும்பியாவது பாருடா!'

இவர் அப்படியே நின்னுட்டார். மூஞ்சியில ஈயாடலை. அப்பறம் மெதுவா நொண்டிக்கிட்டுப் போயி அவர் பக்கத்துல மண்ணுலயே உக்காந்தார். 'பெட்ரோல் ஒழுகுச்சுடா'ன்னார். 'ஆமாமா, எனக்குப் புழுதியா இருந்துச்சு'ன்னார் அவர். அவ்வளவுதான் பேசுனாங்க. இவர் அவர் ஹெல்மெட்டைக் கழட்டி, தண்ணியைத் தலையில ஊத்தி உட்டார்.

என்னையக் கேக்காதே, நான் சீட்டைப் பாத்துட்டிருந்தேன். ஒரு தையல்கூடப் பிரியலை.

மணிக்கட்டு வீங்கியிருக்குது, அந்தக் கையோடயே எட்வின் அண்ணன் மறுபடியும் ஏறி உக்காந்தார். இவர் பின்னாடி தள்ளி உட்டார். கடைசியா வந்து சேந்தாங்க. ஜெயிச்சவனுக்குத் தட்டுன கையைவிட எங்களுக்குத்தான் ஜாஸ்தி தட்டுனாங்க. நான் சொல்லலை, பக்கத்துல நின்ன அம்மா சொன்னாங்க.

இப்ப ரெண்டு பேரும் எந்நேரமும் தோப்புலதான். அடுத்த வண்டி கட்டறாங்களாம். எனக்கு எரிச்சலா வருது. காப்பி, பலகாரம்னு ஓஞ்சு உக்கார முடியறதில்லை. என்னையக் கேக்காமலே டேங்குக்கு மஞ்சள்னு முடிவு பண்ணிட்டாங்க. கேக்க வேண்டாமா? செவப்பு எடுத்துக் குடுத்தது யாரு?

ஒத்தக்கால்மண்டபம் தாண்டிருச்சு. ஒண்ணு சொல்றேன், உன்னோட இருக்கட்டும்.

ரேஸுக்கு மறுநா, மணிக்கட்டுக்குப் படம் புடிக்கறதுக்கு ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. வண்டி வெய்யில்ல நிக்குது. பெயிண்டு என்னத்துக்காகும்? நெழலுக்குத் தள்ளலாம்னு போனேன். தள்ள முடியலை, கனம். சரி, ஸ்டார்ட் பண்ணிக் கொண்டு போலாம்னு சேலையை இழுத்துச் செருகிக்கிட்டேன். ஒரே உதை, புடிச்சுக்கிச்சு. நெழல் கிட்டத்துலயேதான் இருந்துச்சு. ஆனா இஞ்சினு சூடாகாம நிறுத்தக்கூடாதுன்னு இவர் எப்பவும் சொல்வார். அதனால தோப்பை ஒரு சுத்துச் சுத்துனேன். ரெண்டாவது சுத்துல வாய்க்கா வரப்பு வந்துருச்சு. பிரேக் போடலாமான்னு நெனைக்கறதுக்குள்ள கை அதுபாட்டுக்கு ஆக்சிலேட்டரை முறுக்கிருச்சு கண்ணு.

கீழ தண்ணி. மேல நானு. ரெண்டு சக்கரமும் தரையில இல்லை.

எத்தனை நேரம்னு கேக்கறே. கண்ணு மூடித் தொறக்கற நேரந்தான். ஆனா வாய்க்காலுக்குள்ள என்ற நெழல் போறதைப் பாத்தேன். எறங்குனதும் வண்டி ஒரு ஆட்டம் ஆடுச்சு, புடிச்சுக்கிட்டேன். ஷாக்கப்சர் அருமையா வாங்குச்சு, நான் பாத்து எடுத்ததில்ல?

கிணத்துக்கடவு! ஏனுங்க கண்டக்டர், நிறுத்துங்க, நிறுத்துங்க. கண்ணு, அந்தப் பையை எடுத்துக் குடு. பாத்து, கனமா இருக்கும். உள்ள இருக்கறது பிஸ்டனு, ரெண்டாவது வண்டிக்கு. இது சின்ன வண்டி, எடை கம்மி, சீட்டு உசரமும் கொறைச்சுத்தான் வெக்கச் சொல்லியிருக்கேன். யாருக்குன்னு அவுங்களும் கேக்கலை, நானும் சொல்லலை.